சக்கரத்துக்குப் பின்னால் ஒருமுறை குனிந்து பாருங்கள்

மன்னார்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய சின்னக் கார் ஓட்டும் அன்பர்களுக்கு,



போன வைகாசி முகூர்த்தத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்றிருந்தேன். எதிரே ஒரு வெள்ளைக் கார் பின்னால் வந்து திரும்பியது. முன்சக்கரம் முழுக்கத் திரும்பி நின்ற அந்தக் கணத்தில், ரிம்மின் உட்பக்கத்தில் கருப்பாக ஒரு வளையம் தெரிந்தது. தார் தெறித்தது போலப் பொட்டுப் பொட்டாக, பக்கத்து ஷாக் அப்சர்பர் மீதும் அதே கருப்பு. பின் சீட்டில் ஒரு பாட்டி, மடியில் தாம்பூலப் பை. நான் கையைத் தூக்கிக் கூப்பிடுவதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்ற சத்தம் கேட்கவில்லை. அந்தக் காரை ஓட்டியவருக்கு இன்னும் நேரம் இருந்தது. அவரிடம் சொல்ல முடியாமல் போனதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். இதைப் படிப்பவர்களில் அவரும் இருந்தால் மகிழ்ச்சி.

அந்தக் கருப்புப் பொட்டு கிரீஸ். அது தெறிக்கிறது என்றால் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஆக்சில் பூட் கிழிந்திருக்கிறது. பூட் என்பது மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்தி மாதிரி இருக்கும் ரப்பர் உறை. நம்மூர்க் கடைகளில் பலர் அதைப் ‘பூட்டு’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. கிரீஸை உள்ளேயும் மண்ணை வெளியேயும் பூட்டி வைப்பதுதானே அதன் வேலை?

அந்த உறைக்குள் இருப்பது சி.வி. ஜாயின்ட், ஆக்சில் தண்டின் முனையில் வளைந்தபடியே சுழலும் மூட்டு. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தத் தலைவலி நமக்கு இல்லை. அவற்றில் எஞ்சின் முன்னால், உந்துவது பின்சக்கரம். நடுவில் நீளமான ஒரு தண்டு, அதன் முனைகளில் பட்டறைக்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் யுனிவர்சல் ஜாயின்ட். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. உந்துவதும் திரும்புவதும் ஒரே சக்கரம் என்ற ஏற்பாடு அதோடுதான் நம் தெருக்களில் பரவலாயிற்று. பிறகு வந்த சான்ட்ரோ, ஆல்டோ எல்லாம் அதே வழி.

உந்தும் சக்கரமே திரும்பவும் வேண்டுமென்றால் பழைய கிராஸ் போதாது. வளைத்த நிலையில் கிராஸ் சுழலும்போது, உள்ளே வருகிற வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகிற வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும். கோணம் பெரிதானால் ஸ்டியரிங் கையில் உதறும். 1920களில் ஃபோர்டு நிறுவனத்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ரெஸெப்பா இதற்கு ஒரு வழி கண்டார். கிண்ணம் போன்ற வெளிக்கூட்டுக்குள் ஒரு உருண்டைக் கட்டை, இரண்டிலும் வெட்டிய தடங்கள், அந்தத் தடங்களில் ஆறு எஃகுக் குண்டுகள். தண்டு எப்படி வளைந்தாலும் அந்தக் குண்டுகள் வளைவின் சரிபாதித் தளத்திலேயே வந்து நிற்கும். அதனால் உள்ளே வரும் வேகம் அப்படியே வெளியே போகும். 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி கார் இந்த வகை ஜாயின்டை வைத்துத்தான் முன்சக்கரத்தில் ஓடியது. இன்று உங்கள் காரில் சக்கரத்துப் பக்கம் இருப்பதும் பெரும்பாலும் இதுவே. சுமார் 45 பாகை வரை வளைந்தபடி எஞ்சினின் இழுவையைத் தாங்குகிறது.

நான் இதை முதன்முதலில் கையில் வைத்துப் பார்த்தபோது அதன் நேர்த்தியைக் கண்டு வெகுநேரம் கீழே வைக்கவில்லை. குண்டுக்கும் தடத்துக்கும் இடையே முடி நுழைகிற இடம்கூட இல்லை. அந்தப் பொருத்தத்துக்குள் ஒரு சிட்டிகை மணல் போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

மணல் போகாமல் தடுப்பது சில நூறு ரூபாய் ரப்பர். 12 அங்குல ரிம் போட்ட சின்னக் காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 600 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் பூட்டின் மடிப்பு ஒருமுறை விரிந்து ஒருமுறை சுருங்கும். 50,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் 3 கோடி முறை. இதில் எஞ்சின் சூடு, வெயில், குறுவை அறுவடையில் தார்ச்சாலை மேல் காயப்போடும் நெல், வயல் ஓரத்துக் கருவேல முள், டிராக்டர் இழுத்துவிட்டுப் போகும் சேறு எல்லாம் சேர்கின்றன. ரப்பர் கெட்டித்துப்போய் ஒரு மடிப்பின் அடிப்பள்ளத்தில் நூலிழை போலப் பிளக்கும். சுழற்சி வேகத்தில் கிரீஸ் அந்தப் பிளவு வழியே வெளியே வீசப்படும். காலியான இடத்துக்குத் தண்ணீரும் மண்ணும் போகும்.

என் முதல் காரில் இது நடந்தது. திருப்பத்தில் ‘டக் டக்’ என்று கேட்டது. டயரில் கல் மாட்டியிருக்கும் என்று இருந்துவிட்டேன். ஐந்து மாதம் அப்படியே ஓட்டினேன். அதற்கு இடையில் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றக் கொடுத்தபோது வண்டியைத் தூக்கியவர்கள் பூட்டைப் பார்த்திருக்கிறார்கள். கிழிசலைச் சுற்றி இரண்டு பிளாஸ்டிக் டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் ஆக்சிலையே மாற்ற வேண்டி வந்தபோது அந்த டை இரண்டும் என் கைக்கு வந்தன. சில நூறு ரூபாயோடு முடிந்திருக்க வேண்டிய காரியம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒதுக்கியதில் பல ஆயிரத்தைக் கொண்டுபோயிற்று. பணம் போனதைவிட, சொல்லாமல் விட்டார்களே என்பது இன்னும் உறுத்துகிறது. பட்டறை வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஐயா, கிழிந்திருப்பதைப் பார்த்தால் வண்டிக்காரரிடம் சொல்லுங்கள். உடனே மாற்ற அவரிடம் காசு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குக் காரைத் தூக்கக்கூட வேண்டாம். சமதரையில் நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடித்து, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குப் பின்னால் செல்போன் விளக்கை அடித்துப் பாருங்கள். ஒடித்த நிலையில் மடிப்புகள் விரிந்து நிற்கும். பள்ளங்களில் விரல் நுழைத்துத் தடவினால் வெடிப்பு தட்டுப்படும். பிறகு மறுபக்கம் ஒடித்து இன்னொரு சக்கரம். கியர்பாக்ஸ் பக்கத்திலும் ஆக்சிலுக்கு ஒரு பூட் உண்டு, அவை அவ்வளவு வளைவதில்லை என்பதால் நெடுநாள் தாங்கும். சத்தத்தை வைத்தும் பிரித்தறியலாம். ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக்’ என்றால் சக்கரத்துப் பக்க ஜாயின்ட். நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி அதிர்ந்தால் உள்பக்க ஜாயின்டைச் சந்தேகப்படலாம். ‘டக் டக்’ வந்துவிட்டால் புதுப் பூட் போட்டுப் பயனில்லை. குண்டும் தடமும் தேய்ந்தாகிவிட்டது. சத்தம் வருவதற்கு முந்தைய அந்த நாட்களைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன்.

இரண்டாவது காரில் இடது பக்கப் பூட் கிழிந்ததை நேரத்தோடு கண்டேன். வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் போய்ப் பூட் செட் இரண்டு வாங்கிவந்து, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றினேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்கானது. பழகிய கைக்கு இரண்டு மூன்று மணி நேரத்து வேலை. அதற்கப்புறம் தெருவில் மூன்று பேருக்குக் கூட நின்று செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஜாக்கியைப் பற்றி முதலில். இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் தலையோ தோளோ போகக் கூடாது. இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம். அவை நசுங்கிக் காட்டாது, ஒரே நொடியில் பொடிந்துபோகும். தரை சிமென்டாக இருக்க வேண்டும், மண் தரையில் ஸ்டாண்ட் சாயும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டாண்டில் இறக்கியபின் பக்கவாட்டில் நன்றாக உலுக்கிப் பாருங்கள். அசைந்தால் திரும்பத் தூக்கிச் சரியாக வையுங்கள். கழற்றிய சக்கரத்தைக் கதவுக்குக் கீழே படுக்கப் போடுங்கள். எல்லாம் தவறினாலும் கார் அதன் மேல் உட்காரும். வீட்டில் யாருமில்லாத நேரத்தில் இந்த வேலை செய்யாதீர்கள்.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால், நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே நடு நட்டைத் தளர்த்திவிட வேண்டும். ஆக்சில் முனையைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் பெரிய நட் அது. பல சின்னக் கார்களில் 150 முதல் 250 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கியிருப்பார்கள். ஜாக்கி மேல் நிற்கும் காரில் அந்த நட்டோடு மல்லுக்கட்டினால் கார் சரியும். நட்டின் விளிம்பைக் காடியில் தட்டி மடக்கியிருந்தால் சின்ன உளியால் மெல்ல நிமிர்த்த வேண்டும். காட்டர் பின் இருந்தால் அதை உருவ வேண்டும். 30 அல்லது 32 மி.மீ. சாக்கெட், நீளமான கைப்பிடி, உடம்பின் எடை முழுவதும். என் காரில் அது ‘கிர்ரிக்’ என்று ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. மகன் பயந்து பின்வாங்கினான், ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

சக்கரத்தைக் கழற்றியபின் கீழ் ஆர்மின் பால் ஜாயின்டைப் பிரித்து ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்தால் ஆக்சில் முனை உள்ளே வழுக்கிக்கொண்டு வரும். வராவிட்டால், நட்டை முனையோடு சமமாக நிற்கும்படி மாட்டி, மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். வெறும் முனையில் சுத்தியலை இறக்கினால் மரை நசுங்கும். பிரேக் ஹோஸ் இழுபடாமலும், ஏ.பி.எஸ். வயர் இருந்தால் அதுவும் அறுபடாமலும் ஒரு கண் இருக்கட்டும். உள்பக்கத்தைக் கியர்பாக்ஸிலிருந்து நெம்பி எடுக்கும்போது கியர் ஆயில் கொட்டும். முன்பே வடித்துவிடுவது நல்லது. முடித்தபின் கம்பெனி சொன்ன கிரேடில், சொன்ன அளவு ஊற்ற வேண்டும். இதை மறந்தால் பூட்டைக் காப்பாற்றி கியர்பாக்ஸைத் தொலைத்தவர்கள் ஆவோம். ஆக்சில் இல்லாத நேரத்தில் அந்தச் சக்கரத்தைத் தரையில் ஊன்றிக் காரை உருட்டாதீர்கள், ஹப் பேரிங் கெடும்.

இனி, பலர் தடுக்கி விழும் இடம். சக்கரத்துப் பக்கப் பூட்டை மாற்ற அந்தப் பக்கத்து ஜாயின்டைத்தானே கழற்ற வேண்டும் என்று தோன்றும். சில கார்களில் அப்படித்தான். உள்ளே ஒரு கிளிப் இருக்கும், அதைத் திறந்தோ கட்டை வைத்துத் தட்டியோ ஜாயின்டைத் தண்டிலிருந்து உருவலாம். ஆனால் நம்மிடம் ஓடும் பல சின்னக் கார்களில் வெளி ஜாயின்ட் தண்டோடு சேர்ந்தது, கழற்றக் கூடாது. அதைச் சுத்தியலால் அடித்து அடித்தே நாசம் செய்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கார்களில் வழி மறுமுனையில் இருக்கிறது. உள் ஜாயின்ட் மூன்று கால், மூன்று உருளை கொண்டது. அதன் பூட்டை விலக்கி, கூட்டை உருவி, தண்டின் நுனியில் இருக்கும் சர்க்கிளிப்பை எடுத்தால் மூன்று காலும் கழன்று வரும். பழைய பூட் இரண்டும் அந்த வழியாக வெளியே, புதுப் பூட் இரண்டும் அந்த வழியாக உள்ளே. அதனால்தான் செட் வாங்கும்போது இரண்டு பூட்டும் வாங்கச் சொல்கிறேன். கழற்றுவதற்கு முன் கூடு, மூன்று கால், தண்டு மூன்றிலும் பெயின்டால் ஒரே கோட்டில் பொட்டு வைத்துவிடுங்கள். எந்த முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பூட்டைக் கத்தியால் கிழித்து எடுத்ததும், உள்ளே இருக்கும் கிரீஸை ஆள்காட்டி விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு தேய்த்துப் பாருங்கள். வெண்ணெய் போல வழுக்கினால் நிம்மதி. நெறநெறவென்றால் மண் போயிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் நெறநெறத்தது. அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் கழுவுவதிலேயே போனது. தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஜாயின்டை அதில் முக்கி, உள்கட்டையை நாலாபுறமும் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு குண்டாக மேலே கொண்டுவந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். முதல் தட்டுக் கருப்பு, இரண்டாவது சாம்பல், மூன்றாவது தெளிந்தது. பனியன் வேஸ்ட்டால் துடைத்து வெயிலில் அரை மணி வைத்தோம். மண்ணெண்ணெய் ஈரம் மிச்சமிருந்தால் புதுக் கிரீஸ் நீர்த்துப்போகும்.

காய்ந்தபின் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். குண்டு கண்ணாடி போல மின்ன வேண்டும். தடத்தில் பளபளப்பான ஒரு கோடு இருந்தால் பரவாயில்லை. நகத்தால் வருடும்போது குழி தட்டினாலோ, மேற்பூச்சு உரிந்திருந்தாலோ, அந்த ஜாயின்டை மறந்துவிடுங்கள். எங்களுடையதில் ஐந்து குண்டு சுத்தம். ஆறாவதில் அரிசி முனை அளவுக்கு ஒரு மங்கல். நகம் தடுக்கவில்லை. அதை அப்படியே விட்டேன். 14,000 கிலோமீட்டர் கழித்து இன்றுவரை சத்தமில்லை.

கிரீஸ் எது கிடைத்தாலும் அடைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். செட்டோடு வரும் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருப்புக் கிரீஸ். அந்த அழுத்தத்தில் சாதாரணச் சக்கரக் கிரீஸ் பிதுங்கி ஓடிவிடும். வெளி ஜாயின்டுக்கு ஒன்று, உள் ஜாயின்டுக்கு ஒன்று என்று தனித்தனிப் பாக்கெட் இருந்தால் மாற்றிப் போடாதீர்கள். பாக்கெட் முழுவதையும் வைக்க வேண்டும். குண்டுகளுக்கு நடுவே விரலால் அழுத்தி அழுத்தி ஏற்றிவிட்டு, மிச்சத்தைப் பூட்டுக்குள் போடுங்கள்.

பூட்டைத் தண்டில் ஏற்றும் முன் தண்டு நுனியின் பல் வரிசை மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். புது ரப்பர் அந்தப் பல்லில் உரசினால் பிறந்த அன்றே காயம். வெளிப் பூட்டும் அதன் சின்ன கிளாம்ப்பும் முதலில் ஏற வேண்டும், பிறகுதான் உள் பூட். நான் உள் பூட்டின் கிளாம்ப்பை மறந்துவிட்டு மூன்று காலையும் மாட்டி சர்க்கிளிப்பும் போட்டுவிட்டேன். திரும்பப் பிரித்தது மகன்தான், முகம் சுளிக்காமல்.

கிளாம்ப் இறுக்குவதற்குச் சற்று முன்னால், பூட்டின் சின்ன வாயில் மழுங்கலான மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து உள்ளே இருக்கும் காற்றைச் சமன் செய்யுங்கள். காற்று அதிகம் நின்றால் பூட் உப்பும், குறைந்தால் மடிப்பு உள்வாங்கித் தண்டில் உரசும். ‘புஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்து மடிப்புகள் வரிசையாக நிமிரும்போது பார்க்கவே அழகாக இருக்கும். காது வைத்த இரும்பு கிளாம்ப்பை அதற்குரிய பிளையரால் கவ்வி இறுக்குங்கள். பிளாஸ்டிக் டை இந்த இடத்துக்கு ஆகாது.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். இரண்டே எச்சரிக்கை. நடு நட் புதியதாக இருக்கட்டும், உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். கடன் வாங்கியாவது அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். இன்னொன்று, 50 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளையும் கிளாம்ப்புகளையும் மறுபடி ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படித்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று உங்களுக்குத் தோன்றலாம். முதுகுவலி இருக்கலாம், சிமென்ட் தரை இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் பட்டறையில் கொடுங்கள். ஆனால் பூட் செட்டை நீங்களே வாங்கிக் கொடுத்து, கழற்றும்போது பக்கத்தில் நின்று, கழுவிய ஜாயின்டை ஒருமுறை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். வெட்டி ஒட்டும் பூட் போடுகிறேன், ஆக்சிலைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னால், ஊர் போய்ச் சேரும்வரைக்கும் அது தாங்கலாம். அதை நம்பி ஆண்டுக் கணக்கில் ஓட்டாதீர்கள். கழற்றாமல் போட்ட பூட்டுக்குள் பழைய மண் அப்படியே கிடக்கும்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் பார்த்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். தேங்கிய தண்ணீரில் ஒருமுறை அச்சு மூழ்க ஓட்டினால், கிழிந்த பூட்டுக்குள் புகுந்த தண்ணீர் உங்கள் அவகாசத்தை ஒரு வாரத்தில் தின்றுவிடும்.

32 சாக்கெட்டும், டார்க் ரெஞ்ச்சும், இரண்டு ஸ்டாண்டும் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே சாக்குப்பையில் இருக்கின்றன. என்னைத் தெரிந்தவர்கள் எந்த ஞாயிறும் வந்து எடுத்துப்போகலாம், என்னைத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களோடு வரலாம். முதல் தடவை என்றால் நானும் கூட வருகிறேன். வரும்போது பழைய துணி நிறைய எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்